சிவப்புக்குப் பம்பாய், வெள்ளைக்கு மெட்ராஸ்

எந்தக் கல்லூரிக்குப் போவது என்று என்னைத் தவிர எல்லாரிடமும் கேட்டார்கள். சாத்தூரில் எங்கள் பருத்தியை எடை போடுகிறவரிடம் கேட்டார்கள். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த பெரியப்பாவின் கூட்டாளியிடம் கேட்டார்கள். மதுரை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு ஆளிடம்கூட அப்பா கேட்டிருக்கிறார். கடைசியில் இருக்கன்குடி மாரியம்மனிடமும் கேட்டார்கள். படிக்கப் போகிறவள் நான். இடம் வாங்கியவள் நான். எனக்கும் வாய் என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன சொல்கிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அறுபதுகளின் தொடக்கம் அது. மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். சாத்தூருக்குக் கிழக்கே கரிசல் காட்டில் ஊர். பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து வெள்ளாமை செய்தார்கள். பேருக்குத்தான் சேர்ந்து. விதைப்பதிலிருந்து விற்பதுவரை பெரியப்பா சொன்னதுதான். அப்பா நல்லவர், அண்ணனைக் கேட்காமல் ஒரு துண்டுகூட வாங்க மாட்டார். அப்படிப்பட்ட நல்லவரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

நான் சட்டம் படிக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் ஊர் சிரித்தது. எங்கள் பக்கத்தில் சட்டம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தீப்பெட்டி ஆபீஸ்தான். குச்சிகளை வரிசையாக அடுக்கி மருந்தில் முக்குவதற்கு ஒரு மரச் சட்டம் உண்டு. ஊரில் பாதிப் பெண்கள் அதை அடுக்கத்தான் காலையில் கிளம்பிப் போவார்கள்.

“ஏத்தா, சட்டம் அடுக்க எதுக்குத்தா மெட்ராசும் பம்பாயும்? நாளைக்கு எங்கூடச் சாத்தூருக்கு வா. மத்தியானத்துக்குள்ள கை பழகிரும்” என்றாள் கிணற்றடியில் ஒருத்தி. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

நானும் விடவில்லை. “நீங்க குச்சிய அடுக்குங்கக்கா. நான் உங்க மொதலாளிகள வரிசையா அடுக்குறேன்” என்றேன்.

“ஆத்தாடி, வாயப் பாரு! வக்கீலுக்குன்னே செஞ்சு வச்ச வாயி” என்றாள். அவள் கேலியாகச் சொன்னாளோ என்னவோ, நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு இடத்துக்கும் விண்ணப்பம் போடச் சொன்னவர் மதுரையில் எனக்கு வரலாறு நடத்திய ஆசிரியை. மெட்ராஸ் கல்லூரியும் பம்பாய்க் கல்லூரியும் அந்தக் காலத்தில் சாதாரண இடங்கள் இல்லை. அங்கே படித்தவர்கள்தான் ஜட்ஜுகளாகவும் மந்திரிகளாகவும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டில் ஒன்று கிடைத்தாலே ஆண்பிள்ளைகளுக்கு மாலை போட்டு ரயிலேற்றி விடுவார்கள். எனக்கு இரண்டும் கிடைத்தது. எங்கள் வீட்டிலோ எழவு விழுந்த மாதிரி ஆளுக்கொரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

காரணம் இருந்தது. மெட்ராஸ் என்றால் மாமா வீடு. மாமா அம்மாவின் சொந்த அண்ணன். தங்கசாலைப் பக்கம் தீப்பெட்டி மொத்த வியாபாரம். அவருக்கு ஒரு மகன், எனக்கு முறைமாப்பிள்ளை. ‘பிள்ள நம்ம வீட்டுல தங்கிப் படிக்கட்டும்’ என்று மாமா சொல்லியனுப்பியிருந்தார். தங்கிப் படிக்கட்டும் என்றால் என்ன அர்த்தம் என்பது எல்லாருக்கும் தெரியும். தை பிறந்தால் தாலி, மாசி பிறந்தால் சமையல்கட்டு. அப்புறம் எந்தச் சட்டம், எந்தப் படிப்பு? பெரியப்பாவுக்கு இதில் பரம திருப்தி. படிப்பும் ஆச்சு, கல்யாணமும் ஆச்சு என்று கணக்கை முடித்துவிட்டார்.

குட்டையைக் குழப்பியவர் அந்தச் சிவகாசிக் கூட்டாளிதான். “பம்பாயின்னா லேசில்ல. தீவாளி சீசனுக்கு நம்ம லோடு அங்கனதான் போகுது. அதோட சேத்து இவளையும் ஏத்தி விட்டுரலாம். இவளும் ஒரு வெடிதான” என்று சொல்லிவிட்டு, தன் தொப்பை குலுங்கச் சிரித்தார். போகும்போது, பம்பாயில் பெண்களுக்கென்று நல்ல விடுதி இருப்பதாகவும், பம்பாயில் படித்தவள் என்றால் அந்த மதிப்பே தனி என்றும் சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பாவுக்கு மதிப்பு என்ற சொல் பிடிக்கும். அன்றிலிருந்து அவர் மனசு இரண்டாக நின்றது. அவர் மனசு இரண்டாக நின்றால் அப்பா மனசும் இரண்டாக நிற்க வேண்டும்.

என் மனசு ஒன்றாகத்தான் இருந்தது. அது எப்படி என்று இங்கே சொல்லிவிடுகிறேன்.

மெட்ராஸ் கல்லூரிக்கு நேர்முகத்துக்காக அப்பாவோடு போயிருந்தேன். அது முடிந்ததும் அப்பா வெயில் தாளாமல் ஒரு மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். பக்கத்திலேயே கோர்ட்டுக் கட்டடங்கள். நான் எழுந்து நடந்து ஒரு கோர்ட்டுக்குள் நுழைந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். கூண்டில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறந்ததுமே தெரிந்தது, எங்கள் பக்கத்துக்காரி. புருஷன் மெட்ராசில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடை யாருக்கு என்பதுதான் வழக்கு.

தகராறு நடந்த அன்றைக்குக் கடைக்கு வந்தது யார் என்று கேட்டார்கள். “அவுகதான் வந்தாக. பூட்டத் தெறந்தாக. உள்ள போனாக” என்றாள்.

எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் புருஷனை அப்படித்தான் சொல்வாள். அவுக என்றால் அவள் வீட்டுக்காரர், ஒரே ஆள். மொழிபெயர்த்தவர் வேறு பக்கத்துக்காரர். பலபேர் வந்தார்கள், பூட்டைத் திறந்தார்கள், உள்ளே போனார்கள் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார். எத்தனை பேர் என்று ஜட்ஜ் கேட்டார்.

“எத்தனை பேரும்மா வந்தாங்க?”

“அவுகதாங்க.”

“அதான், எத்தனை பேர்? பேரெல்லாம் சொல்லு.”

அவ்வளவுதான், அவள் வாய் அடைத்துவிட்டது. புருஷன் பேரை நாலு பேர் நடுவில் எப்படிச் சொல்வாள்? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். எதிர்க்கட்சி வக்கீல் துள்ளி எழுந்து, சாட்சி, வந்த ஆட்களின் பெயர்களை மறைக்கிறாள் என்றார். கும்பலாக வந்து பூட்டை உடைத்தார்கள் என்று கதை வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. “ஒருத்தர்தாங்க! அவுக புருஷன்!” என்று எழுந்து நின்று கத்திவிட்டேன்.

டவாலி போட்ட சேவகர் வந்து என்னை வெளியே போகச் சொன்னார். “நீங்க என்ன வக்கீலா?” என்று கேட்டார். “இன்னும் இல்ல” என்றேன். வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அவளைப் பொய்க்காரியாக்கிவிட்டார்கள். பம்பாய் எவ்வளவு பெரிய இடமாக இருந்தாலும் அங்கே போய் யாருக்கு இந்த ‘அவுக’வை நான் எடுத்துச் சொல்வேன்? மெட்ராஸ்தான் என்று அந்த வராந்தாவிலேயே முடிவு செய்தேன். ஆனால் மாமா வீடு இல்லை. திரும்பிக் கல்லூரிக்குப் போய்ப் பெண்களுக்கு ஹாஸ்டல் உண்டா என்று விசாரித்தேன். உண்டு என்றார்கள். பிறகு போய் அப்பாவை எழுப்பினேன்.

இதை வீட்டில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மெட்ராஸ் என்று நான் பாதி சொல்வதற்குள் மாமா வீட்டுக்குச் சீர் வாங்கக் கிளம்பியிருப்பார்கள். அதுவும் போக, கேட்கட்டும், கேட்டால் சொல்லுவோம் என்று ஒரு வீம்பு. என்னிடம் கேட்காமல் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிகிறவர்களிடம் நான் ஏன் வலியப் போய்ச் சொல்ல வேண்டும்? வாயை இறுக மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூக்கட்டிப் பார்த்துவிடுவோம் என்றார் பெரியப்பா. எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தில் முடிவு தெரியாவிட்டால் சிவப்பில் ஒரு பூ, வெள்ளையில் ஒரு பூ தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி, சாமி காலடியில் வைத்து ஒன்றை எடுப்பார்கள். எடுத்த பூ சாமியின் உத்தரவு. சிவப்புக்குப் பம்பாய், வெள்ளைக்கு மெட்ராஸ் என்று அவரே வைத்தார். ஊர்ப் பஞ்சாயத்துகளில் நியாயம் சொல்கிற மனுஷர், இதிலும் நியாயம் தவறக் கூடாது என்று அவருக்கு இருந்தது. “வெள்ளைக்கு மல்லிகை வேண்டாம். மணம் காட்டிக் குடுத்துரும். ரெண்டும் அரளியா இருக்கட்டும்” என்றார். கட்டுகிற பொறுப்பை அம்மாவிடம் கொடுத்தார். மெட்ராஸ் அவள் சொந்த அண்ணன் வீடு, பம்பாய் அவள் மகளுக்கு மதிப்பு, அதனால் அவள் எந்தப் பக்கமும் சாய மாட்டாள் என்பது அவர் கணக்கு.

எனக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. ஆனாலும் இருக்கன்குடிக்குப் புறப்பட்ட வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். வைப்பாற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். அம்மா கரையோரம் இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாழை இலைத் துண்டில் பூவை மடித்து நாரால் கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பொட்டலமும் ஒரே மாதிரி இருந்தன. பூசாரி வாங்கி அம்மன் காலடியில் வைத்து, சூடம் காட்டிவிட்டு, தட்டில் போட்டுக் குலுக்கினார்.

சின்னப் பிள்ளை யாரையாவது எடுக்கச் சொல்வதுதான் வழக்கம். பெரியப்பா என்னைப் பார்த்து, “நீயே எடு தாயி. நாளைப் பின்ன எங்களக் கொறை சொல்லப்பிடாது” என்றார்.

“இதுக்கு மட்டும் நான் வேணுமாக்கும்” என்றேன். அப்பா, “சந்நிதியில பேசாத தாயி” என்றார். கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி நாரை அவிழ்த்தார்.

செவ்வரளி.

பெரியப்பா முகம் தொங்கிவிட்டது. மதிப்பு மதிப்பு என்றாரே தவிர, அவர் உள்மனசு மாமா வீட்டில்தான் இருந்திருக்கிறது. எனக்கும் பகீர் என்றது. சாமி சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மெட்ராஸ் போச்சு. அந்த வராந்தா போச்சு, அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி நின்றது நின்றதுதான். என் வாழ்நாளில் பெரியப்பாவும் நானும் ஒரே விஷயத்துக்காக வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

“சாமி, அந்த இன்னொண்ணையும் பிரிங்க” என்றார் பெரியப்பா.

“வழக்கமில்லீங்களே” என்றார் பூசாரி.

“ஆத்தா சொன்ன பெறகு அது எதுக்கு?” என்றாள் அம்மா, படக்கென்று.

அந்தப் படக்குதான் கெடுத்தது. அம்மா பெரியப்பாவுக்கு நேராக நின்று பேசியதே கிடையாது. எதுவானாலும் கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வது போலச் சொல்வாள். பெரியப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்த பொட்டலத்தைத் தானே எடுத்துப் பிரித்தார்.

அதுவும் செவ்வரளி.

பூசாரி சூடத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“என்னம்மா இது?” என்றார் பெரியப்பா.

“பூ” என்றாள் அம்மா.

“பூன்னு எனக்குத் தெரியாதா? வெள்ள எங்க?”

“வைக்கல. ரெண்டும் செகப்புதான். நாந்தான் வச்சேன்.”

“அடப்பாவி, ஆத்தா முன்னால பொய்யா?”

“பொய் எங்கன சொன்னேன்? பூவக் கட்டிட்டு வான்னீக, கட்டிட்டு வந்தேன். எம் மகள எங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். அத வாயால சொன்னா நீங்க கேப்பீகளா? அதான் பூவால சொன்னேன். ஆத்தாளும் பொம்பளதான, அவளுக்குப் புரியும்.”

“ஒன் கூடப் பெறந்தவன் வீட்டையா இப்பிடிச் சொல்றே?”

“கூடப் பெறந்ததாலதான் தெரியும்” என்றாள் அம்மா. “எங்க மதினி பத்தாவது பாஸ் பண்ணிட்டு அந்த வீட்டுக்கு வந்தவுக. அந்த வீட்டுல பேப்பர் வருது. அண்ணன் படிச்சிட்டு மடிச்சுக் கையோட கடைக்குக் கொண்டு போயிரும். பொம்பள பேப்பர் படிச்சா அடுப்பு அணைஞ்சு போகுமாம். மதினி கடலை மடிச்சு வந்த காகிதத்த நீவி நீவிப் படிக்கிறத நான் கண்ணால பாத்திருக்கேன். இவளுக்கு அந்தக் கெதி வரவா? பம்பாய்க்குப் போகட்டும். எம்புட்டுத் தூரமானாலும் போகட்டும்.”

இத்தனை வருஷம் கதவுக்குப் பின்னால் நின்றவள் எனக்காக அம்மனையே ஏமாற்றத் துணிந்திருக்கிறாள். அதே நேரத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், கோபமும் வந்தது. இவளும் என்னிடம் கேட்கவில்லையே!

“இது செல்லாது. மறுபடி கட்டணும். இந்தத் தடவ நானே கட்டுறேன்” என்று பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

“யாரு கட்டினாலும் நான் எடுக்க மாட்டேன்” என்றேன். “பருத்தி வெலையா கேக்குறீக, பூக்கட்டிப் பாக்குறதுக்கு? படிக்கப் போறது நான். நான் மெட்ராசுக்குத்தான் போவேன்.”

“அடி சண்டாளி!” என்று அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

பெரியப்பா முகம் மலர்ந்தது. “அப்பிடிச் சொல்லுத்தா! மாமனுக்கு இன்னைக்கே ஆள் விட்டுருவோம்.”

“மாமா வீட்டுக்கு இல்ல பெரியப்பா. ஆஸ்டலுக்கு. மாமா மகனுக்கு நீங்க வேற எடத்துல பாருங்க. நான் கட்டிக்கிட மாட்டேன். அதையும் இங்கனயே, ஆத்தா முன்னாலயே சொல்லிட்டேன்.”

“வீடு இருக்கும்போது ஆஸ்டலா? ஊரு காறித் துப்பும். அப்பிடி என்ன பெரிசா இருக்கு அந்த மெட்ராஸ்ல?”

அப்போதுதான் கோர்ட்டில் பார்த்ததைச் சொன்னேன். ‘அவுக வந்தாக’ என்று அவள் சொன்னதையும், எத்தனை பேர் என்று அவர்கள் கேட்டதையும், பேரைச் சொல்லச் சொன்னதும் அவள் வாயடைத்துப் போனதையும், கடைசியில் அவளைப் பொய்க்காரி என்றதையும் சொன்னேன். என்னை வெளியே தள்ளியதையும் விடவில்லை. அப்பா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அவர் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது நடந்தது அல்லவா.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். “அவுகன்னா அவுகதான? இதுல எத்தன பேருன்னு கேக்குறதுக்கு என்ன இருக்கு? அம்புட்டுப் படிச்ச ஆளுகளுக்கு இது தெரியாதா?”

“தெரியாதும்மா. தெரிஞ்ச ஆளு ஒண்ணாவது அங்கன இருக்கணும். அதுக்குத்தான் போறேன்.”

அம்மா என் கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். “இத மொதல்லயே சொல்றதுக்கென்னடி? ரெண்டும் வெள்ளையாக் கட்டியிருப்பேன்ல!”

“நீ கேட்டியா?” என்றேன்.

பெரியப்பா இரண்டு செவ்வரளியையும் கையில் வைத்துக்கொண்டு அம்மனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கல்லூரித் தாளில் கார்டியன் கையெழுத்துப் போட வேண்டியவர் அப்பா. அது பெரியப்பாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

“ஏலே, நீ என்னலே சொல்றே? வாயத் தெற” என்று தம்பி மேல் பாய்ந்தார்.

அப்பா வழக்கம்போல அண்ணன் முகத்தைப் பார்ப்பார், அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாசிப்பார் என்று காத்திருந்தேன். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“ஆஸ்டல்ல சோறு எப்பிடித் தாயி இருக்கும்?” என்று கேட்டார்.

இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

“தெரியாதுப்பா. கல்லா இருந்தாலும் திம்பேன்” என்றேன்.